ஒரே மணிக்கு மூன்று எடை: கொடை விழா மணி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சேரன்மகாதேவிக்கு மேற்கே, கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் விளையும் வயல்களுக்கு நடுவே இருக்கிறது அந்த ஊர். அங்கே அம்மன் கோயிலுக்குச் சித்திரையில் கொடை. கோயிலில் தொங்கும் பழைய வெண்கல மணியின் ஓசை இப்போது புதுத் தெருக்களை எட்டுவதில்லை. அதனால் தை மாதக் கூட்டத்தில் ஊர் ஒரு முடிவு எடுத்தது: இருக்கிற மணியைப் போலவே, இரண்டு மடங்கு பெரிதாக, ஒரு புது மணி.

தகராறு இந்த ஒற்றை வரியிலிருந்து கிளம்பியது. பழைய மணியின் எடை 5.2 கிலோ. இரண்டு மடங்கு பெரிது என்றால் 10.4 கிலோ என்று விழாக்குழு கணக்குப் போட்டது. வார்ப்பு மணிக்குக் கிலோவுக்கு 1,500 ரூபாய் என்று விசாரித்து வைத்திருந்தார்கள். 15,600 ரூபாய் வந்தது. ஊரில் 104 தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு 150 ரூபாய் வரி போட்டு வசூலித்தும் முடித்துவிட்டார்கள்.

பிறகுதான் வார்ப்புக்காரரிடம் போனார்கள். மூன்று தலைமுறையாக மணியும் குத்துவிளக்கும் வார்க்கும் குடும்பம் அவருடையது. பழைய மணியைக் கையில் தூக்கிப் பார்த்தார், சுண்டிக் கேட்டார். காகிதமும் பேனாவும் இல்லாமலே, "நாற்பத்தோரு கிலோ, நாற்பத்திரண்டு கிலோ வரும்" என்றார். அதாவது அறுபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். குழு திகைத்துப் போய்த் திரும்பியது. அடுத்த வாரம் வேறொரு கடையில் கேட்டார்கள். அதே உயரம், அதே வாய் அகலம், 21 கிலோவில் முடித்துத் தருகிறோம் என்றார்கள் அங்கே.

பத்தரை, இருபத்தொன்று, நாற்பத்தொன்றரை. ஒரே மணிக்கு மூன்று எடை. வார்ப்புக்காரர் ஏமாற்றப் பார்க்கிறார் என்று ஊருக்குள் பேச்சு பரவிவிட்டது. குழுவின் செயலாளர் என்னிடம் படித்தவர். நான் பக்கத்து ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். "நீங்கள் வந்து ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள் ஐயா" என்று கூப்பிட்டார். ஒரு மனிதரின் நாணயம் இதில் மாட்டிக்கொண்டிருந்ததால் உடனே போனேன்.

முதலில் மூன்று எண்களையும் பழைய எடையால் வகுத்துப் பார்த்தேன். 10.4 என்பது 2 மடங்கு. 21 என்பது ஏறத்தாழ 4 மடங்கு. 41.6 என்பது 8 மடங்கு. இரண்டு, இரண்டின் வர்க்கம், இரண்டின் கனம். வாய்க்கு வந்தபடி யாரும் சொல்லவில்லை என்பது அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருவர் நீளத்தைப் பெருக்கினார், ஒருவர் பரப்பைப் பெருக்கினார், ஒருவர் கன அளவைப் பெருக்கினார். ஆனால் இதை ஊர்க்கூட்டத்தில் வாயால் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. அளந்து காட்ட வேண்டும்.

மணியை அளந்தது

நாக்கைக் கழற்றிவிட்டு மணியைக் கோயில் மண்டபத்தில் வைத்து அளந்தோம். வாய் விட்டம் 20 சென்டிமீட்டர். உயரம் 18 சென்டிமீட்டர். ஓட்டின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுகிறது. சராசரியாக 7 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எடை, நெல் வியாபாரியின் மின்னணுத் தராசில் 5.2 கிலோ.

அடுத்து, உலோகத்தின் கன அளவு. ஒரு வாளியை விளிம்பு வரை நிரப்பி, கீழே தாம்பாளம் வைத்து, மணியைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். நேராகக் கவிழ்த்து இறக்கினால் உள்ளே காற்று அடைபட்டுக் கணக்கு கெட்டுவிடும். அதனால் மணியைச் சாய்த்து, தண்ணீர் மெதுவாக உள்ளே ஏற விட்டோம். கடைசிக் குமிழி மேலே வந்து உடையும் வரை பையன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். வழிந்த தண்ணீர் முதல் தடவை 590 மில்லிலிட்டர், இரண்டாம் தடவை 610, மூன்றாம் தடவை 600. 5,200 கிராமை 600 ஆல் வகுத்தால் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8.7 கிராம். வெண்கலத்தின் அடர்த்தியும் அந்த அளவுதான். (பித்தளையின் அடர்த்தியும் இதற்குப் பக்கத்தில்தான். வாளியில் அளக்கிற அளவு இரண்டையும் பிரித்துக் காட்டாது. அதற்கு நாதத்தைத்தான் கேட்க வேண்டும்.)

மணியை மல்லாத்தி உள்ளே தண்ணீர் நிரப்பினோம். 2.9 லிட்டர் பிடித்தது. புறப்பரப்புக்குப் பழைய நாளிதழைக் கிழித்து உள்ளும் புறமும் ஒட்டினோம். ஏறத்தாழ ஒரு முழுப் பக்கம் செலவானது. 1,800 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன்.

நாழியும் ஆழாக்கும்

கூட்டத்தில் நான் சூத்திரம் எதையும் எழுதவில்லை. கோயிலுக்கு எதிர்வீட்டு ஆச்சியிடம் பித்தளை நாழியும் ஆழாக்கும் இருந்தன. அவற்றைக் கேட்டு வாங்கி நடுவில் வைத்தேன். இரண்டும் ஒரே வார்ப்பு, ஒரே வடிவம். ஒரு முழ நூலால் ஆழாக்கின் உயரத்தை அளந்து, நூலை இரட்டித்து நாழியின் பக்கத்தில் பிடித்தேன். சரியாக இருந்தது. வாய் அகலமும் அப்படியே இரட்டிப்பு. "இந்த நாழி ஆழாக்கைப் போல எத்தனை மடங்கு பெரிது?" என்று கேட்டேன். "இரண்டு மடங்கு" என்று பல குரல்கள். ஆச்சி மட்டும் சிரித்துக்கொண்டே, "நாழிக்கு எட்டு ஆழாக்கு. இது தெரியாதா உங்களுக்கு?" என்றார்.

அரிசியை அளந்து போட்டுக் காட்டினேன். குழுத் தலைவரே எண்ணினார். எட்டாவது ஆழாக்கில் நாழி நிறைந்தது.

நம் அளவைகளை அமைத்தவர்களை அந்த நேரத்தில் மனத்தில் வணங்கினேன். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி. ஒவ்வொரு படியிலும் கொள்ளளவு இரட்டிக்கிறது. மூன்று படி ஏறினால் எட்டு மடங்கு. வடிவம் மாறாமல் இருந்தால் உயரம் அப்போதுதான் இரட்டிக்கிறது. அடுத்து எட்டு நாழி ஒரு குறுணி; அதே வடிவில் செய்தால் குறுணி மரக்கால் நாழியைப் போல இரண்டு மடங்கு உயரம். ஒரே ஒரு படி ஏறி ஆழாக்கிலிருந்து உழக்குக்குப் போனால் உயரம் கால் பங்குதான் கூடுகிறது, கணக்கில் 1.26 மடங்கு. உழக்கைப் பார்த்து இது ஆழாக்கைப் போல இரண்டு மடங்கு என்று கண் ஒப்புக்கொள்ளாது. கண் உயரத்தைப் பார்க்கிறது, அரிசி கன அளவைப் பார்க்கிறது.

உடனே ஒருவர் எழுந்தார். நல்ல கேள்வி கேட்டார். "நாழி முழுக்க அரிசி நிறைகிறது, சரி. மணி உள்ளே வெறும் கூடுதானே அண்ணாச்சி? வெற்றிடத்துக்கு எதற்கு எடை?"

இந்தக் கேள்வியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அதனால் அவரையே கூப்பிட்டுக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். மணியின் வெளி உருவம் அடைக்கிற இடம் 3.5 லிட்டர். உள்ளே உள்ள வெற்றிடம் 2.9 லிட்டர். மிச்சம் 0.6 லிட்டர் உலோகம். வாளி சொன்னதும் அதுதான். இப்போது எல்லாவற்றையும் இரட்டியுங்கள். வெளி உருவம் எட்டு மடங்காகி 28 லிட்டர். வெற்றிடமும் எட்டு மடங்காகி 23.2 லிட்டர். மிச்சம் 4.8 லிட்டர். அதை 8.67 ஆல் பெருக்கினால் 41.6 கிலோ. வெற்றிடம் பெருகுகிற அதே விகிதத்தில் சுற்றியுள்ள ஓடும் பெருகுகிறது, ஏனென்றால் ஓட்டின் தடிமனும் இரட்டிக்கிறது. நாளிதழ்ப் பக்கம் ஒன்று நான்காகிறது. அந்த நான்கு மடங்குப் பரப்பின் மேல் தடிமன் இரண்டு மடங்கு. நான்கை இரண்டால் பெருக்கினால் எட்டு.

வார்ப்புக்காரர் தூணருகே உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. கையில் தூக்கிப் பார்த்து அவர் சொன்ன எண் கரும்பலகையில் வந்து நின்றபோது ஊர் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது.

இருபத்தொரு கிலோ எங்கிருந்து வந்தது

பத்தரை கிலோக் கணக்கு விழுந்துவிட்டது. ஆனால் இருபத்தொன்று விழவில்லை. உயரமும் வாயும் இரட்டிப்பு என்று அந்தக் கடை சொன்னது பொய்யல்ல. அவர்கள் ஓட்டின் தடிமனை மட்டும் பழைய 7 மில்லிமீட்டரிலேயே வைத்துக்கொண்டார்கள். பரப்பு நான்கு மடங்கு, தடிமன் மாறவில்லை, ஆகவே எடை நான்கு மடங்கு. வாய்மேல் அளவுகோலை வைத்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் ஊர் கேட்டது "இருக்கிற மணியைப் போலவே". அந்த மணி இதைப் போல அல்ல. வடிவொத்த மணியே அல்ல.

அதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டார்கள். இங்கே வார்ப்புக்காரரைப் பேசச் சொன்னேன், என்னைவிட அவருக்குத் தெரியும் என்பதால். "ஓடு மெலிந்தால் நாதம் நிற்காது. நாக்கு அடிக்கிற இடத்தில் ஒரு நாள் விளிம்பு வெடிக்கும்" என்றார். நாக்கையும் அதே விகிதத்தில் பெரிதாக்கினால் அது எட்டு மடங்கு கனக்கும். அது வந்து மோதுகிற விளிம்போ பழைய தடிமனில் நிற்கும். எட்டு மடங்குச் சுத்தியலைப் பழைய தட்டின் மேல் போடுகிற கதை.

சுதியிலும் வேறுபாடு உண்டு. உலோகம் மாறாமல், வடிவமும் மாறாமல் மணி இரண்டு மடங்கு பெரிதானால் அதிர்வெண் பாதியாகும். அதாவது அதே சுரம், ஒரு ஸ்தாயி கீழே. தடிமனை மாற்றாமல் அகலத்தை மட்டும் இரட்டித்தால் அதிர்வெண் கால் பங்கு அளவுக்கு இறங்கிவிடும். தடிமனுக்கு நேர் விகிதத்திலும் விட்டத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்திலும் அதிர்வெண் நடப்பதால் வருகிற விளைவு இது. கணீரென்ற மணி கேட்ட ஊருக்குத் தொளதொளப்பான ஓசைதான் கிடைத்திருக்கும். நெல்லையப்பர் கோயிலின் இசைத் தூண்களில் காதை வைத்துக் கேட்டவர்களுக்கு, பருமன் மாறினால் சுரம் மாறும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

எந்த அளவில் வார்ப்பது

நாற்பத்தொரு கிலோவுக்குப் பணம் இல்லை. இனி ஊர் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. இருக்கிற பணத்துக்கு, வடிவம் கெடாமல், எவ்வளவு பெரிய மணி கிடைக்கும்?

எடை இரட்டிக்க வேண்டுமானால் வாய் விட்டம் 20 இலிருந்து 25 சென்டிமீட்டர்தான் ஆகும். உழக்குக் கணக்குதான் மறுபடியும். காகிதத்தில் இரண்டு வட்டங்களை வெட்டிக் காட்டினேன். "இதற்கா இவ்வளவு பாடு?" என்று முகம் சுளித்தார்கள். பிறகு ஒன்றரை மடங்கைப் பார்த்தோம். வாய் 30 சென்டிமீட்டர், உயரம் 27. புறப்பரப்பு 2.25 மடங்கு. எடை 1.5 இன் கனம், அதாவது 3.375 மடங்கு, 17.55 கிலோ. காகித வட்டம் கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

என் மனத்தை இழுத்தது வேறொன்று. ஒன்றரை மடங்கு பெரிய மணியின் அதிர்வெண் பழையதைப் போல மூன்றில் இரண்டு பங்கு. மூன்றுக்கு இரண்டு என்பது பஞ்சமத்துக்கும் ஷட்ஜத்துக்கும் உள்ள உறவு. புது மணி ஷட்ஜம் சொன்னால் பழைய மணி பஞ்சமம் சொல்லும். இரண்டையும் ஒரே உத்தரத்தில் தொங்கவிட்டால் அடுத்தடுத்து அடிக்கும்போது கோயிலே சுருதி சேர்ந்து நிற்கும். இதைச் சொன்னதும் கொடைக்கு வாசிக்கும் நாகஸ்வரக்காரர் எழுந்து நின்று, "அப்படியே செய்யுங்கள்" என்றார். நாகஸ்வரத்துக்குப் பேர்போன காருகுறிச்சிப் பக்கத்து மண்ணில் இதற்கு மேல் சிபாரிசு தேவையில்லை.

விலையில் குழுவின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொன்னேன். கிலோவுக்கு 1,500 ரூபாயில் ஏறத்தாழ 1,000 உலோகத்துக்கு, 500 கூலிக்கு என்று வார்ப்புக்காரரே பிரித்துச் சொன்னார். உலோகம் கன அளவோடு வளரும். அதைக் குறைக்க முடியாது. ஆனால் மெழுகு பூசுவதும், மண் அப்புவதும், அரத்தால் ராவி மெருகு ஏற்றுவதும் புறப்பரப்போடு வளர்கிற வேலைகள். எடை 3.375 மடங்கு ஆகும்போது அந்தக் கூலி 2.25 மடங்குதான் ஆக வேண்டும். வார்ப்புக்காரர் சிறிது யோசித்தார். உருக்குவதற்கான கரி எடையோடுதான் கூடும், பெரிய வார்ப்பில் ஒரு ஓட்டை விழுந்தால் நஷ்டமும் பெரிது என்றார். அதுவும் உண்மை. இரண்டு பக்கமும் இறங்கி வந்து 25,500 ரூபாய் என்று முடிந்தது. குறைந்த 9,900 ரூபாயில் பெரும்பகுதியை வீடுகளில் கிடந்த உடைந்த உருளிகளும் வெண்கலப் பானைகளும் ஈடுகட்டின. சேதாரம் கழித்து 6 கிலோ தேறியது. ஒவ்வொன்றையும் அவர் தட்டிக் கேட்டுப் பித்தளையைத் தனியே தள்ளிவிட்டார். துத்தநாகம் கலந்தால் மணியின் நாதம் மங்கிவிடும். மீதி 3,900 ரூபாயை இரண்டு வீட்டார் ஏற்றுக்கொண்டார்கள். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு வெண்கலப் பொருள்கள் கிடைத்ததை நினைத்துக்கொண்டேன். இந்த ஆற்றங்கரை வெண்கலத்தை நேற்று அறிந்ததல்ல.

வார்ப்பும் காதும்

மணியைத் தாங்கும் மேல் வளையத்தை அவர்கள் காது என்கிறார்கள். வரைபடத்தில் நான் காதையும் ஒன்றரை மடங்காகவே போட்டிருந்தேன். வார்ப்புக்காரர் ஒப்பவில்லை. "காது இன்னும் தடிக்க வேண்டும்" என்றார். கணக்கு அவர் பக்கம்தான். எடை 3.375 மடங்கு கூடுகிறது. அதைத் தாங்கும் காதின் குறுக்குவெட்டுப் பரப்பு 2.25 மடங்குதான் கூடும். ஆக ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்னைவிட ஒன்றரை மடங்கு சுமக்கிறது. 1638இல் வெளியான நூலில் கலிலியோ எலும்பை வரைந்து விளக்கியது இதைத்தான்: விலங்கு பெரிதாகும்போது எலும்பு அதே விகிதத்தில் வளர்ந்தால் போதாது, அதைவிடப் பருக்க வேண்டும். உத்தரத்தையும் மாற்றச் சொன்னேன். பழைய மரம் 5 கிலோவுக்குப் போட்டது.

பங்குனி முதல் வாரத்தில் வார்த்தார்கள். நானும் போயிருந்தேன். மூசையிலிருந்து உலோகம் அச்சுக்குள் இறங்கிய பிறகு, பழைய அளவு மணிக்கு விடுகிற நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அச்சைத் தொடவே விடவில்லை அவர். ஏன் என்று கேட்டேன். "பெரிய உடம்பு, மெதுவாகத்தான் ஆறும்" என்றார். வார்ப்பு உறையும் நேரம், கன அளவைப் புறப்பரப்பால் வகுத்து வருகிற எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1940இல் சிவோரினோவ் என்ற பொறியாளர் வகுத்த விதி அது. வடிவொத்த மணிகளில் அந்த வகுத்த எண் 1.5 மடங்கு, அதன் வர்க்கம் 2.25. ஒரு கிலோ உலோகத்துக்குச் சிறிய மணியில் 346 சதுர சென்டிமீட்டர் தோல் இருக்கிறது, பெரியதில் 231தான். வெப்பம் வெளியேற வாசல் குறைவு. இலையில் வைத்த அல்வா கை சுடாத பதத்துக்கு வந்த பிறகும் சட்டியில் இருப்பது கொதித்துக்கொண்டிருப்பதும் இதனால்தான்.

எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் அளவியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. கூம்பின் இடைக்கண்டம் வரை சூத்திரம் உண்டு. ஆரங்களின் விகிதத்தைக் கொடுத்துக் கன அளவுகளின் விகிதத்தைக் கேட்கும் ஒரு மதிப்பெண் வினாவும் உண்டு. குழுவின் செயலாளர் அதற்குச் சரியாக விடை எழுதி என்னிடமே மதிப்பெண் வாங்கியவர். ஆனால் மணி என்று வந்தபோது அவருக்கு அந்த விடை நினைவுக்கு வரவில்லை. நாழியையும் ஆழாக்கையும் நான் அன்றே வகுப்புக்கு எடுத்துப் போயிருந்தால் வந்திருக்கும். நேர்மையான ஒரு தொழிலாளி இரண்டு மாதம் ஊர்வாயில் திருடன் என்று பெயர் கேட்டிருக்க வேண்டியதில்லை.

முடிந்த மணி தராசில் 18.1 கிலோ காட்டியது. கணக்கு 17.55. கூடுதல் 550 கிராமில் பெரும்பகுதி தடித்த காதில் இருக்கிறது. மீதி விளிம்பில், மெழுகு பூசும் கை அங்கே கொஞ்சம் தாராளமாக நடந்திருக்கிறது. கைபேசிச் செயலியில் சுதி பார்த்தேன். பழைய மணி 2,040 ஹெர்ட்ஸ். புதியது 1,360 இருக்க வேண்டும், 1,372 காட்டியது. விளிம்பு ஒரு மயிரிழை தடித்ததால் சுதியும் ஒரு மயிரிழை ஏறியிருக்கிறது.

வார்ப்புக்காரரிடம் அதைச் சொன்னேன். அரத்தை எடுத்துக்கொண்டு மணிக்குள் தலையை விட்டார். கொடைக்கு மூன்று நாள் இருந்தது. நாகஸ்வரக்காரர் பழைய மணியைத் தட்டிவிட்டுக் காதைக் கொடுத்து நிற்க, உள்விளிம்பைச் சுற்றிச் சுற்றி ராவிக்கொண்டே இருந்தார், அவர் "போதும்" என்று சொல்லும் வரை.